கனடாவின் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுப்பது சலுகையா, கொடுக்க வேண்டிய கடனா?

பனிமலர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வசிக்கிறேன். என் மகள் பதினோராம் வகுப்பில் படிக்கிறாள். இந்த ஆண்டு அவளுடைய ஆங்கிலப் பாடம் முழுவதும் பூர்வகுடி எழுத்தாளர்களின் படைப்புகளைக் கொண்டதாக இருப்பதால், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அவர்களைப் பற்றிய பேச்சு அடிக்கடி எழுகிறது.

வதிவிடப் பாடசாலைகளில் அடைக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளை நினைவுகூரும் நாளான சென்ற செப்டெம்பர் 30 அன்று அவள் அந்த நினைவின் அடையாளமான செம்மஞ்சள் சட்டை அணிந்து பாடசாலைக்குப் போய்வந்தாள். அந்த வார இறுதியில் வீட்டுக்கு வந்த எங்கள் உறவினர் ஒருவர், கொடியில் காய்ந்துகொண்டிருந்த அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டு, "அவர்களுக்கு வரி இல்லை, பல்கலைக்கழகப் படிப்பு இலவசம், வீடு இலவசம், மாதாமாதம் காசும் வருகிறது. இவ்வளவு கொடுத்தும் அந்தப் பிள்ளைகள் ஏன் முன்னுக்கு வரவில்லை?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் இரண்டு வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த மனிதர் அவர். ஆனால் மகள் அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரவு என் அறைக்கு வந்து, "அம்மா, மாமா சொன்னது உண்மையா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகள் இந்த மண்ணில் வாழ்ந்தும் இது தெரியாமல் இருந்திருக்கிறேனே என்பதுதான் அன்றிரவு என்னை அதிகம் உறுத்தியது.

ஆகவே இங்கே உள்ளவர்களிடம் கேட்கிறேன். பூர்வகுடி மக்களுக்கும் அவர்களுடைய இளம் தலைமுறைக்கும் அரசு உண்மையில் எதைக் கொடுக்கிறது? அது எந்த அடிப்படையில் கொடுக்கப்படுகிறது? கொடுப்பது உண்மையானால், அது பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேருகிறதா? வேலை அனுபவத்தில் அறிந்தவர்கள் எழுதினால் மகளுக்கும் வாசிக்கக் கொடுப்பேன்.


வரவுசெலவு எழுதுகிறார்:

தங்கச்சி, நான் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் என்பதால் வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

"பூர்வகுடிகள்" என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். சட்டத்தின் கண்ணில் அவர்கள் முதற்குடிகள், வடதுருவப் பகுதியின் இனுயிட், பூர்வகுடி ஐரோப்பியக் கலப்பு வழிவந்த மேற்றி என்று மூன்று பிரிவினர். 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பின்படி மூன்று பிரிவினரும் சேர்ந்து சுமார் 18 இலட்சம் பேர், அதாவது நாட்டின் மக்கள்தொகையில் ஐந்து விழுக்காடு. வரிவிலக்கு என்பது 1876இல் பிறந்து இன்றும் நடைமுறையில் இருக்கும், முதற்குடிகளை அன்றைய வழக்கப்படி 'இந்தியர்' என்று அழைக்கும் இந்தியர் சட்டத்தின் 87ஆம் பிரிவிலிருந்து வருகிறது. அச்சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற முதற்குடியினருக்கு மட்டுமே அது உரியது. அவர்களிலும், ரிசேர்வ் என்று எல்லோரும் சொல்லும் ஒதுக்கு நிலத்தோடு தொடர்புடைய வருமானத்துக்கும் அங்குள்ள சொத்துக்குமே விலக்கு உண்டு. பதிவு பெற்ற ஒருவர் ரொறன்ரோவில் உள்ள ஒரு நிறுவனத்தில் வேலை செய்து, அந்த வேலைக்கு ரிசேர்வோடு எந்தத் தொடர்பும் இல்லையென்றால், அவர் உங்களைப் போலவும் என்னைப் போலவும் வருமான வரி கட்டுகிறார். கடையில் பொருள் வாங்கும்போது, ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 13 விழுக்காட்டு விற்பனை வரியில் மாகாணத்துக்குரிய 8 விழுக்காடு பல பொருள்களுக்கு அவருக்குத் தள்ளுபடியாகும். மேற்றி மக்களுக்கும் இனுயிட் மக்களுக்கும் இந்த 87ஆம் பிரிவு பொருந்தாது.

பல்கலைக்கழகப் படிப்பும் அப்படித்தான். மத்திய அரசு ஒவ்வொரு முதற்குடிச் சமூகத்துக்கும் உயர்கல்விக்கென்று ஒரு தொகையை ஒதுக்கும். அதை யாருக்குக் கொடுப்பது என்பதை அந்தச் சமூகத்தின் கல்வி அலுவலகம் முடிவு செய்யும். 1996 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், இந்த நிதி ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக் கூடாது என்று ஒட்டாவா, அதாவது மத்திய அரசு, ஓர் உச்சவரம்பை வைத்திருந்தது. ஆனால் நாட்டிலேயே வேகமாகப் பெருகிய இளையோர் தொகை அவர்களுடையதுதான். பிள்ளைகள் பெருக, காசு அப்படியே நிற்க, அனுமதிக் கடிதம் கையில் இருந்தும் அடுத்த ஆண்டுவரை காத்திருங்கள் என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் ஏராளம். இனுயிட், மேற்றி மாணவர்களுக்கென்று தனித்த உயர்கல்வி நிதி 2019ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில்தான் வந்தது.

மாதாமாதம் காசு என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. நிலம் குறித்து அரசு முதற்குடிகளோடு செய்த உடன்படிக்கைகளின்படி கொடுக்கும் உடன்படிக்கைப் பணம் என்று ஒன்று உண்டு. வட ஒன்ராறியோவின் பெரும் பகுதியை உள்ளடக்கிய ஒன்பதாம் உடன்படிக்கை 1905, 1906ஆம் ஆண்டுகளில் கையெழுத்தானது. அதன்படி ஒருவருக்கு ஆண்டுக்கு 4 டொலர். மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு. இன்றும் அதே 4 டொலர்தான். ஹியூரன், சுப்பீரியர் ஏரிக்கரை மக்களோடு 1850இல் செய்த ரொபின்சன் உடன்படிக்கைகளில், நிலத்தின் வருமானம் பெருகினால் இந்தத் தொகையும் பெருகும் என்று எழுதப்பட்டிருந்தது. நிலத்திலிருந்து மரமும் தாதுவும் மலைமலையாகப் போயின. தொகையோ 1875இல் 4 டொலர் ஆனதோடு நின்றுவிட்டது. அதற்காக அவர்கள் வழக்காடி, ஹியூரன் பகுதி மக்களோடு 2023இல் 1,000 கோடி டொலருக்கு இணக்கம் காணப்பட்டது. மத்திய அரசும் மாகாண அரசும் பாதிப் பாதியாக அதைப் பொறுப்பேற்றன. செய்தியில் அந்தத் தொகையை மட்டும் பார்ப்பவருக்கு "அரசு அள்ளிக் கொடுக்கிறது" என்றுதான் தோன்றும். உண்மையில் அது நூற்றைம்பது ஆண்டு நிலுவை.

நாம் காணி வாங்கும்போது உறுதிப் பத்திரத்தை எத்தனை தடவை சரிபார்க்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். ரொறன்ரோ நகரம் இருக்கும் காணிக்கு 1787இல் எழுதப்பட்ட உறுதியில் எல்லையே குறிக்கப்படவில்லை. பின்னர் எடுத்துப் பார்த்தபோது அது வெற்றுத் தாளாகவும், அந்நிலத்தின் முதற்குடிகளான மிசிசாகா மக்களின் தலைவர்கள் இட்ட அடையாளக் குறிகள் வேறொரு துண்டில் ஒட்டப்பட்டதாகவும் இருந்தது. 1805இல் பத்து ஷில்லிங் கொடுத்து அதை "உறுதிப்படுத்தினார்கள்". கிரெடிட் ஆற்று மிசிசாகா மக்களுக்கு அதற்கான இழப்பீடாக 14.5 கோடி டொலர் கிடைத்தது 2010இல்.


வடகாற்று எழுதுகிறார்:

வரவுசெலவு அண்ணா எழுதியது அடிப்படையைப் பற்றியது. உதவி பிள்ளையின் கைக்குப் போய்ச் சேருகிறதா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். வட ஒன்ராறியோவில் விமானத்தில் மட்டுமே போகக்கூடிய ஒரு முதற்குடி ஊரில், தாதியர் நிலையத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினேன். குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்த சில வாரங்களுக்குப் பனிச்சாலை திறக்கும். அப்போதுதான் பாரமான பொருள்கள் லொறியில் வரும்.

உங்கள் மகளுக்கு ஒரு பெயரைச் சொல்லிக் கொடுங்கள்: ஜோர்டன் ரிவர் அண்டர்சன். மனிற்றோபா மாகாணத்தின் நோர்வே ஹவுஸ் கிரீ சமூகத்தைச் சேர்ந்த பிள்ளை. 1999இல் பிறந்தவன். பல உடல்நலச் சிக்கல்களோடு பிறந்ததால் வினிபெக் வைத்தியசாலையிலேயே வளர்ந்தான். இரண்டு வயதானபோது, இனி ஒரு வீட்டில் வைத்துப் பராமரிக்கலாம் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டுப் பராமரிப்புச் செலவை மத்திய அரசு ஏற்பதா, மாகாண அரசு ஏற்பதா என்ற தகராறு அங்கேதான் தொடங்கியது. குளியலறையில் பொருத்தும் நீர்த்தூவிக்குக் கூட யார் காசு கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பேசினார்கள். 2005 பெப்ரவரியில், ஐந்து வயதில், ஒரு நாள்கூடத் தன் வீட்டில் உறங்காமல் அந்தப் பிள்ளை வைத்தியசாலையிலேயே இறந்தான்.

முதற்குடி அல்லாத ஒரு பிள்ளைக்கு இது நடந்திருக்காது. ஏனென்றால் சுகாதாரமும் கல்வியும் மாகாணத்தின் பொறுப்பு. முதற்குடிப் பிள்ளைக்கு மட்டும், அதுவும் ரிசேர்வில் வாழ்ந்தால், இவை மத்திய அரசின் பொறுப்பு. இரண்டு அரசுகளும் ஒன்றை ஒன்று கைகாட்டிக்கொண்டு நிற்கும் அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். ஆகவே 2007 டிசெம்பர் 12 அன்று நாடாளுமன்றத்தின் பொதுச்சபை ஒருமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: பிள்ளைக்கு வேண்டியதை முதலில் அணுகப்பட்ட அரசு உடனே கொடுக்கட்டும், கணக்கைப் பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். அதற்கு ஜோர்டன் நெறி என்று பெயர். தீர்மானம் நிறைவேறியதோடு அது கிடந்தது. 2016இல் கனடிய மனித உரிமைத் தீர்ப்பாயம், முதற்குடிப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு பாகுபாடு காட்டியது என்று தீர்ப்பளித்த பிறகுதான் அந்த நெறிக்கு உயிர் வந்தது. ஒரு பிள்ளைக்கான அவசர விண்ணப்பத்துக்கு 12 மணி நேரத்திலும் அவசரமற்றதற்கு 48 மணி நேரத்திலும் முடிவு சொல்ல வேண்டும் என்று தீர்ப்பாயம் அடுத்த ஆண்டு காலக்கெடுவும் விதித்தது.

இனி நான் என் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் நிலையத்துக்கு ஆறு வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மம்மா அழைத்து வந்தார். காதில் தொற்று திரும்பத் திரும்ப வந்து செவித்திறன் குறைந்திருந்தது. பாடசாலையில் சொல்வழி கேட்காத பிள்ளை என்று பெயர் எடுத்திருந்தான். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை அவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? செவிக்கருவிக்கு விண்ணப்பித்தோம். வைத்தியரின் கடிதம் கேட்டார்கள். வைத்தியர் மாதத்தில் சில நாள்கள்தான் விமானத்தில் வருவார், காலநிலை கெட்டால் அதுவும் இல்லை. கடிதம் வாங்கித் தொலைநகலில் அனுப்பினேன். செவித்திறன் அளவிட்ட அறிக்கை வேண்டும் என்றார்கள். அதற்கு நகரத்துக்குப் போகவேண்டும், போவதற்குப் பயண அனுமதி வேண்டும், அனுமதிக்கு வேறொரு படிவம் வேண்டும். அறிக்கை வந்து சேர்ந்தபோது முதற்கடிதம் காலாவதியாகிவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்றார்கள். ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் பேசியவர் அன்பாகத்தான் பேசினார். ஒவ்வொரு முறையும் வேறொருவர் பேசினார்.

அடுத்த கல்வியாண்டில் கருவி வந்தது. நிலையத்தில் வைத்து அதைப் பொருத்தியபோது, வாசலில் யாரோ காலணியிலிருந்த பனியைத் தட்டும் சத்தத்துக்கு அவன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். அவன் அம்மம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், எதுவும் சொல்லவில்லை. அந்தக் கருவிக்கு அரசு காசு கொடுத்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில் ஓர் ஆண்டு முழுவதையும் அது எடுத்துக்கொண்டது. உதவி கொடுப்பதா இல்லையா என்பதைவிட, எப்போது கொடுப்பது, எத்தனை கதவைத் தட்டவைத்துக் கொடுப்பது என்பதில்தான் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கை தொங்குகிறது. விண்ணப்பங்கள் மலையாகத் தேங்கின. 2025 பெப்ரவரியில் விதிகளும் இறுக்கப்பட்டன. ரிசேர்வுக்கு வெளியே உள்ள பாடசாலைகளில் படிக்கும் முதற்குடிப் பிள்ளைகளுக்கான வகுப்பறை உதவியை மாகாணத்திடம் கேளுங்கள் என்ற நிலைக்குப் போயிற்று. ஜோர்டன் விஷயத்தில் நடந்த அதே கைகாட்டல்தான் இது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வரி. வட ஒன்ராறியோவின் நெஸ்கன்ரகா சமூகத்தில் குழாய்நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்ற அறிவிப்பு 1995 பெப்ரவரியில் வந்தது. முப்பது ஆண்டுகள் கடந்தும் அது நீங்கவில்லை. அதாவது, அந்த ஊரில் பிறந்து, தாயாகிப் பிள்ளை பெற்ற பெண்கள் இருக்கிறார்கள், தம் வீட்டுக் குழாயைத் திறந்து நம்பி ஒரு குவளை நீர் குடித்ததில்லை.


நேர்கேள்வி எழுதுகிறார்:

தாதி அக்காவின் அனுபவத்தைப் படித்து மனம் கனத்தது. ஆனாலும் பனிமலர் வீட்டு உறவினரின் கேள்வி என்னுடைய கேள்வியும்தான். நாங்கள் 1983க்குப் பிறகு இலங்கையில் வீடு எரிந்து, ஊர் இழந்து, ஒரு பையோடு இங்கே வந்து இறங்கினோம். ஒரு தலைமுறையில் பிள்ளைகள் வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் ஆனார்கள். சிறுவர் நல வழக்கு ஒன்றுக்கு மட்டும் 2,300 கோடி டொலருக்கு மேல் இழப்பீடு என்று செய்தியில் படித்தேன். இவ்வளவு போகிறதென்றால் பலன் எங்கே? வேலையும் பள்ளியும் இல்லாத தொலைவான ஊர்களில் இருந்து துன்பப்படுவதைவிட, நகரங்களுக்கு வந்தால் பிள்ளைகள் தப்பிவிடுவார்களே? யாரையும் புண்படுத்த இதை எழுதவில்லை. பதில் வேண்டியே எழுதுகிறேன்.


முல்லைக்கொடி எழுதுகிறார்:

அண்ணா, நான் சிறுவர் நலத் துறையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். உங்கள் கேள்வியை என் வேலைத்தலத்திலும் கேட்கிறேன், என் வீட்டிலும் கேட்கிறேன். பொறுமையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

நீங்கள் சொன்ன அந்தத் தொகை 2,334 கோடி டொலர். 2023 ஒக்ரோபரில் சமஷ்டி நீதிமன்றம் அதை அங்கீகரித்தது. ஆனால் அது உதவித் திட்டம் அல்ல. போதிய நிதி கொடுக்காமல் விட்டதால் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகளுக்கும், வேண்டிய சேவை மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் உரிய நட்டஈடு. வீதி விபத்தில் கால் இழந்தவருக்குக் காப்புறுதி கொடுக்கும் பணத்தை அவருடைய வருமானம் என்று நாம் சொல்வதில்லை.

அந்த வழக்கில் வெளிவந்த ஒரு விடயத்தை எங்கள் சமூகத்தில் யாரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். ரிசேர்வில் ஒரு குடும்பம் வறுமையில் இருக்கிறது, வீட்டில் ஆட்கள் அதிகம், அடுப்பு பழுது, தாய்க்கு மன அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை அந்த வீட்டிலேயே வைத்துக் குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்க மத்திய அரசின் நிதிச் சூத்திரத்தில் மிகச் சொற்பமே இருந்தது. பிள்ளையை வெளியே எடுத்து வளர்ப்பு வீட்டில் வைத்தால், அந்தச் செலவு முழுவதும் கிடைத்தது. அப்படியொரு சூத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன விளையும்? 2021 கணக்கெடுப்பில் 14 வயதும் அதற்குக் கீழுமான பிள்ளைகளில் பூர்வகுடியினர் 7.7 விழுக்காடு. வளர்ப்பு வீடுகளில் இருந்த அதே வயதுப் பிள்ளைகளில் அவர்கள் 53.8 விழுக்காடு.

எங்களோடு ஒப்பிட்டீர்கள். எங்கள் இழப்பு பெரியது, அதை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்லமாட்டேன், என் தகப்பனாரும் அதில் பட்டவர். ஆனால் நாங்கள் இங்கே வந்தபோது பிள்ளைகள் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சனிக்கிழமை காலையில் பாடசாலைச் சபையின் செலவிலேயே அவர்களுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. இதே நாட்டில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பூர்வகுடிப் பிள்ளைகளை அரசும் திருச்சபைகளும் பெற்றோரிடமிருந்து பிரித்து வதிவிடப் பாடசாலைகளில் அடைத்தன. கிரீ மொழியிலோ ஒஜிப்வே மொழியிலோ வாய் திறந்தால் அடி விழுந்தது. கடைசிப் பாடசாலைகள் மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில்தான். அங்கே வளர்ந்தவர்கள் இன்று பாட்டன் பாட்டி மட்டும் அல்ல, பலர் என் வயதுத் தாய் தகப்பன்மார். மடியில் வளராத ஒருவர் பிள்ளையை மடியில் வைத்து வளர்க்க எங்கே கற்றுக்கொள்வார்? இந்தப் பாடசாலைகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் வெளியிட்ட 94 செயலழைப்புகளில் முதல் ஐந்தும் சிறுவர் நலம் பற்றியவை என்பது தற்செயல் அல்ல.

பலன் எங்கே என்று கேட்டீர்கள். கணக்காய்வாளர் நாயகம் 2011லேயே இதற்குக் காரணம் சொல்லியிருக்கிறார். எந்தத் தரத்தில் சேவை கொடுக்க வேண்டும் என்ற தெளிவு இல்லை, கல்வி முதலிய பல சேவைகளுக்குச் சட்ட அடிப்படை இல்லை, நிதி கொடுக்கும் முறை பொருத்தமானதாக இல்லை, சேவையை நடத்தத் துணைநிற்கும் உள்ளூர் அமைப்புகள் இல்லை. மாகாணத்தில் ஒரு பாடசாலைச் சபைக்குப் பின்னால் ஒரு கல்விச் சட்டம் நிற்கிறது. ரிசேர்வுப் பாடசாலைக்குப் பின்னால் நீண்ட காலம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தத் தாள்தான் நின்றது. பணம் நிதியாண்டின் பாதியில் வரும், மார்ச் 31க்குள் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும். ஆசிரியரை நிரந்தரமாக அமர்த்த அதை வைத்து முடியாது.

அதிகாரத்தை அவர்கள் கையிலேயே கொடுத்த இடங்களைப் பாருங்கள். நோவா ஸ்கோஷியாவின் மிக்மாக் சமூகங்கள் 1997இல் கையெழுத்தான உடன்படிக்கையின் மூலம் தங்கள் பாடசாலைகளின் பொறுப்பைத் தாங்களே எடுத்தார்கள். உயர்தரப் பாடசாலையை முடிக்கும் பிள்ளைகளின் விகிதம் அங்கே தொண்ணூறு விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தது. சிறுவர் நலத்திலும் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், தம் பிள்ளைகளுக்கான சட்டத்தைத் தாமே இயற்றும் உரிமை பூர்வகுடிச் சமூகங்களுக்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டது. சஸ்கட்சுவானின் கவசஸ் சமூகம் அதன்படி 2021 ஜூலையில் அரசுகளோடு முதல் ஒருங்கிணைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டது. கியூபெக் மாகாணம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் அந்தச் சட்டம் முழுவதும் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

நகரத்துக்கு வரலாமே என்றீர்கள். பலர் வந்திருக்கிறார்கள். ஆனால் பதின்மூன்று, பதினான்கு வயதில் தனியாக வரவேண்டிய நிலையைப் பற்றி யோசியுங்கள். வடக்கின் பல ஊர்களில் உயர்தரப் பாடசாலை கிடையாது. அப்படிப் படிக்க வட ஒன்ராறியோவின் தண்டர் பே நகருக்கு வந்த ஏழு முதற்குடிப் பிள்ளைகள் 2000க்கும் 2011க்கும் இடையில் இறந்தார்கள். ஐவருடைய உடல்கள் ஆறுகளிலிருந்து எடுக்கப்பட்டன. அந்த மரணங்களை விசாரித்த நடுவர்குழு 2016இல் 145 பரிந்துரைகளைச் செய்தது. உங்கள் பிள்ளையை ஒன்பதாம் வகுப்புக்கே, பல நூறு கிலோமீற்றருக்கு அப்பால், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் தங்கிப் படிக்க நீங்கள் அனுப்புவீர்களா அண்ணா?


நேர்கேள்வி எழுதுகிறார்:

அனுப்பமாட்டேன்.

அந்த நிதிச் சூத்திரத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். கொடுக்கும் ஒவ்வொரு டொலரும் எந்தப் பிள்ளைக்கு என்ன செய்தது என்பதை ஒட்டாவாவும் அந்தச் சமூகங்களின் நிர்வாகங்களும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம் கோவில் நிர்வாகத்திடமும் நான் இதைத்தான் கேட்கிறேன்.


வடகாற்று எழுதுகிறார்:

அந்தக் கேள்வியை அவ்வூர்த் தாய்மாரும் கேட்கிறார்கள், தம்பி. நாங்கள் கேட்பதைவிடக் கடுமையாகவே கேட்கிறார்கள்.


வெண்கட்டி எழுதுகிறார்:

நான் ரொறன்ரோவில் ஓர் ஆசிரியை. பனிமலரின் மகள் பதினோராம் வகுப்பில் படிப்பதால், அவள் வயதையொத்த ஒருத்தியைப் பற்றி எழுதத் தோன்றுகிறது.

ஜேம்ஸ் குடாவை ஒட்டிய அற்றவாபிஸ்கற் என்ற கிரீ ஊரில் பிறந்தவள் ஷானன் கூஸ்டச்சின். அவ்வூர்த் தொடக்கப் பாடசாலைக்கு அடியில் 1979இல் டீசல் எண்ணெய் பெருமளவில் கசிந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகள் அந்தக் கட்டடத்திலேயே படித்தார்கள். 2000இல் அது மூடப்பட்டது. புதிய பாடசாலை கட்டித் தருவதாகச் சொல்லித் தற்காலிகக் கூடாரங்களைப் போன்ற நகர்த்து வகுப்பறைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஷானன் ஊரில் படித்தது அவற்றில்தான். ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகவேண்டுமென்றால் வெளியே இறங்கி, ஜேம்ஸ் குடாக் குளிரில் நடந்து போகவேண்டும். ஒவ்வொரு பாட மாற்றத்துக்கும் கோட்டைப் போட்டுக் கழற்றும் ஒரு நாளை என் வகுப்புப் பிள்ளைகளிடம் நினைத்துப் பார்க்கச் சொல்வேன். அதற்கு மேல் அவர்களுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

2008இல், எட்டாம் வகுப்பு முடிக்கும் வயதில், அவள் தன் தோழர்களோடு ஒட்டாவாவுக்குப் போய் அமைச்சரை நேரில் சந்தித்தாள். பாடசாலைக்குப் பணம் இல்லை என்று அமைச்சர் சொன்னார். அவள் விடவில்லை. நாடெங்கும் பிள்ளைகள் அரசுக்குக் கடிதம் எழுதும் இயக்கமாக அது வளர்ந்தது. உயர்தரப் பாடசாலைக்காக ஊரை விட்டு வெளியே தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, 2010இல், 15 வயதில் வீதி விபத்தில் இறந்தாள். முதற்குடிப் பிள்ளைகளுக்கும் தரமான, பாதுகாப்பான, அவர்கள் பண்பாட்டுக்கு ஏற்ற கல்வி வேண்டும் என்ற தீர்மானம், ஷானனின் கனவு என்ற பெயரில், 2012 பெப்ரவரி 27 அன்று பொதுச்சபையில் ஒருமனதாக நிறைவேறியது. அற்றவாபிஸ்கற்றில் புதிய பாடசாலை 2014இல் திறந்தது. பழையது மூடிப் பதினான்கு ஆண்டுகள். ஒரு பிள்ளை பாலர் வகுப்பில் சேர்ந்து உயர்தரம் முடிக்கும் காலம் அது.

இளையோருக்கென்று இன்று சில நல்ல வழிகள் இருப்பதையும் சொல்ல வேண்டும். இன்ஸ்பயர் என்ற பூர்வகுடிகளின் சொந்த அமைப்பு உயர்கல்விக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. அதில் அரசின் பங்கும் தனியார் கொடையும் சேர்ந்திருக்கின்றன. 2019இல் தொடங்கிய தொழிற்பயிற்சித் திட்டத்தின் நிதியைப் பூர்வகுடி அமைப்புகளே நிர்வகித்து, தம் இளைஞர்களுக்கு என்ன பயிற்சி தேவை என்பதைத் தாமே தீர்மானிக்கின்றன. நகரங்களில் நட்புறவு மையங்கள் இருக்கின்றன. ஊரிலிருந்து வந்து இறங்கும் பிள்ளைக்கு அங்கே ஒரு சூப்புக் கிண்ணமும் தன் மொழி பேசும் ஒரு முகமும் கிடைக்கும். நல்லிணக்க ஆணைக்குழுவின் 66ஆவது அழைப்பு, இளைஞர் அமைப்புகளுக்குப் பல ஆண்டுகளுக்கு உறுதியான நிதி கொடுங்கள் என்று கேட்டது. பல ஆண்டு என்ற அந்தச் சொல்தான் முக்கியம். ஆறு மாதத் திட்டத்துக்குக் காசு கொடுத்து, பிள்ளைகள் பயிற்றுநரோடு மனம் திறந்து பேசத் தொடங்கும் நேரத்தில் அதை நிறுத்திவிடுவதைவிட, தொடங்காமலே இருந்திருக்கலாம் என்று நான் நினைத்ததுண்டு.


பனிமலர் எழுதுகிறார்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு மகளும் நானும் சேர்ந்திருந்து, ஒவ்வொரு பதிலையும் உரக்க வாசித்தோம். அவளுக்குத் தமிழ் வாசிப்பு மெதுவாகத்தான் வரும், ஆகவே நான் வாசிக்க அவள் குறிப்பெடுத்தாள். செவிக்கருவி பொருத்திய பையனின் இடத்தில் நிறுத்தச் சொல்லி, அந்தப் பந்தியை மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். ஷானனுக்குப் பதினைந்து வயது என்று வந்த இடத்தில் எதுவும் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜோர்டன் நெறி இறுக்கப்பட்டதைப் பற்றி எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்கிறாள். முல்லைக்கொடி, எழுதி முடித்ததும் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தர முடியுமா?

அந்த உறவினர் வரும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருகிறார். வரியிலிருந்து தொடங்கப் போகிறாயா என்று மகளைக் கேட்டேன். இல்லையாம். மாமா அண்மையில்தான் வீடு வாங்கினார், அதனால் அந்த வெற்று உறுதியிலிருந்து தொடங்கப் போகிறாளாம்.